ஆர் சொன்னது?

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்குப் பானையும் கரும்பும் வாங்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து சைக்கிளை மதிலோடு சாத்துகிறேன், போன் அடிக்கிறது. கனடாவில் அஜாக்ஸில் இருக்கும் தம்பி. இங்கே மாலை ஆறு மணி, அங்கே காலை ஏழரை. ஞாயிறு காலை ஏழரைக்கு எழும்புகிற ஆள் இல்லை அவன்.

"அண்ணை, பிக்கரிங் அணுமின் நிலையத்திலை ஏதோ நடந்திட்டுதாம். எல்லாற்றை போனும் ஒண்டாக் கத்தினது."

வீடியோவில் அவனுக்குப் பின்னால் அலுமாரி திறந்து கிடந்தது. அவன் மனைவி ஒரு பையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். வன்னிக்குள் இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளை அவள். பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ்கள், நகை, ஊரில், மிருசுவிலில் இருக்கும் காணியின் உறுதிப்பத்திரம் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன. அஜாக்ஸ் வீட்டின் பத்திரம் வங்கியில் கிடக்கிறது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கதிரியக்கத்திலிருந்து தப்பி ஓடும்போது மிருசுவில் உறுதியை ஏன் கொண்டு போக வேண்டும் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர் ஒருநாளும் இடம்பெயராதவராக இருப்பார்.

தம்பி எச்சரிக்கையை வாசித்துக் காட்டினான். அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. வழமைக்கு மாறான கதிரியக்க வெளியேற்றம் எதுவும் இல்லை. அருகில் இருப்பவர்கள் இப்போதைக்கு எந்தப் பாதுகாப்பு நடவடிக்கையும் எடுக்கத் தேவையில்லை. அவ்வளவுதான். ஒன்றும் இல்லை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்ல ஒன்ராறியோ மாகாணம் முழுவதையும் ஞாயிறு காலை எழுப்புவார்களா? அவனுக்குப் பயம் வந்ததே அதனால்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி யன்னல் திரையை விலக்கிப் பார்த்தான்.

"என்னடா பாக்கிறாய்?"

"பக்கத்து வீட்டுக்காரன் காரை எடுக்கிறானோ எண்டு பாக்கிறன்."

அது பிழையான எச்சரிக்கை என்று அறிவிக்கும் இரண்டாவது செய்தி வர 108 நிமிடம் எடுத்தது. நடந்தது இதுதான்: மாகாண அவசரகால மையத்தில் வேலைமுறை மாறும் நேரத்தில் எச்சரிக்கைக் கருவியைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அன்று கடமையில் இருந்தவர் பயிற்சிக்கான தளத்துக்குள் நுழைவதற்குப் பதிலாக உண்மையான தளத்துக்குள் நுழைந்து அனுப்பிவிட்டார். ஒரு சோதனை சோதனையாக இருக்க மறந்துவிட்டது. அணுமின் நிலையங்களைச் சூழ வாழ்பவர்களுக்கு அங்கே கதிரியக்க அயடீனிலிருந்து தைரொயிட்டைக் காக்கும் பொட்டாசியம் அயடைட்டு மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள், விண்ணப்பித்தால் வீட்டுக்கே வரும். அடுத்த இரண்டு நாளில் 32,000 க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகு கேட்கப்பட்ட மாத்திரைகள் அவை.

இந்த நாடளாவிய எச்சரிக்கைச் சோதனைகளையும் அவற்றுக்குச் சனம் காட்டும் முகங்களையும் அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். எங்கள் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருப்பதால் குடும்ப வட்ஸ்அப் குழுவே எனக்குப் போதும். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள், சிலர் நடுங்குகிறார்கள், சிலர் வேற்றுக்கிரக வாசிகள் வரை போகிறார்கள். பத்திரிகைகள் இவர்களை விபரம் தெரியாதவர்கள் என்று எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த அறிவித்தலைக் கேட்டாலும் முதலில் வருவது "என்ன சொன்னது?" என்ற கேள்வியல்ல. "ஆர் சொன்னது?" என்பதுதான். சொன்னவருக்கும் எங்களுக்கும் இதுவரை என்ன கொடுக்கல் வாங்கல் என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். உலகம் முழுவதும் அப்படித்தான் போலும்.

2023 ஒக்ரோபர் தொடக்கத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. அமெரிக்கா 4 ஆம் திகதி எல்லாப் போன்களுக்கும் ஒரு சமிக்ஞை அனுப்பப் போகிறதாம், தடுப்பூசி போட்டவர்களின் உடம்புக்குள் இருக்கும் நுண்துகள்கள் அதைக் கேட்டதும் விழித்துக்கொள்ளுமாம், போனை நிறுத்தி அலுமினியத் தாளில் சுற்றி வைக்கவும். அமெரிக்காவில் உண்மையாகவே உலாவிய கதைதான் அது. எங்கள் ஆரோ புண்ணியவான் அழகு தமிழில் ஆக்கி அனுப்பியிருந்தார். சோதனை அமெரிக்க நேரம் பிற்பகல் 2.20 க்கு, அதாவது எங்கள் நேரம் இரவு 11.50 க்கு. அமெரிக்கக் கோபுரம் அனுப்புவது கொக்குவிலுக்கு எட்டாது என்று மாமிக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு போனை நிறுத்திவிட்டுப் படுத்தார். அலுமினியத் தாள் வீட்டில் இருக்கவில்லை.

"நிப்பாட்டி வைச்சா எனக்கென்ன நட்டம்?" என்றார் காலையில். பதில் இல்லைத்தான்.

அந்தக் கதைக்கு இவ்வளவு கால் முளைக்க ஒரு காரணம், கருவி எப்படி வேலை செய்கிறது என்று எவரும் சனத்துக்கு ஒழுங்காகச் சொல்லாதது. சாதாரண எஸ்எம்எஸ் ஒவ்வொரு இலக்கமாகத் தேடிப் போகும், நெரிசலில் மணிக்கணக்கில் தங்கியும் விடும். இந்த எச்சரிக்கை அப்படியில்லை. கோபுரம் வானொலி நிலையம்போல ஒரே செய்தியைச் சுற்றாடல் முழுவதுக்கும் ஒலிபரப்புகிறது. எல்லைக்குள் இருக்கும் போன்கள் அதைப் பிடிக்கின்றன. போன் வாய்மூடி இருந்தாலும் சத்தம் வரும். இலக்கம் தெரியத் தேவையில்லை, பெயர் தெரியத் தேவையில்லை. கோபுரம் கத்துமே தவிர, கேட்பவர் ஆரென்று அதற்குத் தெரியாது. "அரசாங்கம் எங்கடை போனுக்குள்ளை வந்திட்டுது" என்று அங்கே பயந்தவர்களின் கையில் இருந்த மற்ற செயலிகள் எல்லாம் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நிமிடத்துக்கு நிமிடம் அறிந்து வைத்திருந்தன. அவை சத்தம் போடுவதில்லை, ஆகையால் ஒருவரும் கோபிப்பதில்லை.

பிரித்தானியாவின் முதல் நாடளாவிய சோதனை 2023 ஏப்ரல் 23, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. லண்டனில் இருக்கும் மச்சாள் அதற்கு முதல் வாரம் முழுக்க எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் மனிசரை நிம்மதியாக இருக்க விடமாட்டார்களா, இவர்கள் ஆர் என்ரை போனைக் கத்த வைக்க. ஷெபீல்டில் நடந்துகொண்டிருந்த உலக ஸ்னூக்கர் போட்டியை மூன்று மணிக்குச் சற்று முன் நிறுத்தி வைத்தார்கள். சிலருக்கு ஒரு நிமிடம் முந்தியே கத்தியது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலருக்கு வரவேயில்லை. வராதவர்களில் மச்சாளும் ஒருவர். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் குழுவில் அவரின் குரல் பதிவு வந்தது: "எனக்கு மட்டும் ஏன் வரேல்லை? நாளைக்கு உண்மையா ஏதும் நடந்தா நான் செத்தாப் பறவாயில்லையோ?" வேண்டாம் என்ற ஒன்று வராமல் போனால் இவ்வளவு கோபம் வரும் என்று எந்த அதிகாரியும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்த வாரம் வந்த எதிர்வினைகளில் என் மனதைத் தைத்தது வேறொன்று. வீட்டு வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு உதவும் அமைப்புகள் ஒரு விடயத்தைச் சொல்லி எச்சரித்தன. கணவனுக்குத் தெரியாமல் இரண்டாவது போன் ஒன்றை ஒளித்து வைத்திருக்கும் பெண்கள் உண்டு. அலுமாரிக்குள் மடித்த துணிக்குள், மெத்தைக்கு அடியில். வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருக்கும் ஒரே தொடுப்பு அது. நாட்டில் உள்ள எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தினால் அதுவும் கத்தும். எச்சரிக்கையை எப்படி நிறுத்தி வைப்பது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது. உயிர் காக்கிற சத்தமே ஒருத்தியின் உயிருக்கு உலை வைக்கும் என்பது சோதனை என்று ஒன்று நடந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது.

கோபத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. 2019 பெப்ரவரியில் ஒன்ராறியோவில் கடத்தப்பட்ட ஒரு சிறுமிக்காக நள்ளிரவை அண்டிய நேரத்தில் எச்சரிக்கை அனுப்பினார்கள். அதைப் பார்த்த ஒருவர் கொடுத்த தகவலால் தேடப்பட்டவர் பிடிபட்டார். சிறுமியை உயிரோடு மீட்க முடியவில்லை. அந்த இரவிலேயே பொலிசுக்கு அழைப்புகள் போயிருக்கின்றன, நித்திரை குழம்பிவிட்டது என்று முறையிட. இதற்கு நான் எந்த நியாயமும் தேடப் போவதில்லை.

சுவிஸில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் ஒன்றரைக்கு நாடு முழுவதும் சைரன் ஊதும். ஏறத்தாழ 7,000 சைரன்கள். என் பெரியம்மாவின் மகன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போனவர். அகதி முகாமில் முதல் பெப்ரவரி. சாப்பாட்டு மேசையில் இருந்த எங்கள் பெடியள் அத்தனை பேரும் சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டார்கள். "படுத்துக்கொண்டு யன்னலாலை பாத்தன்" என்பார் அண்ணை. "ஹெலியும் வரேல்லை, பொம்மரும் வரேல்லை. ஒரு கிழவி நாயைக் கூட்டிக்கொண்டு ஆடி அசைஞ்சு போறா." முகாம் அலுவலர் கோப்பியைக் கீழே வைக்காமல் இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஒருவருக்கும் முதல் நாள் சொல்லத் தோன்றவில்லை. இப்போது அண்ணை அந்தச் சைரனைக் கேட்டால் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, சரியாக ஒன்றரைதான் என்று தலையாட்டுகிறார். எனக்கு அந்தச் சலிப்பின் மேல் பெரிய மரியாதை. ஒரு அரசாங்கம் வருடா வருடம் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்து, பிறகு ஒன்றும் நடக்காமல் விட்டு விட்டுச் சேர்த்த சொத்து அது.

ஜேர்மனியில் 2020 செப்ரெம்பர் 10 அன்று நடந்த சோதனையை எல்லோரும் கேலி செய்தார்கள். பல ஊர்களில் சைரன் ஊதவில்லை, போன் செயலி அரை மணி நேரம் பிந்தி எழும்பியது, பொறுப்பாக இருந்தவரின் பதவி போனது. அடுத்த வருடம் ஜூலையில் ஆர் (Ahr) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளம் வந்து அந்த நாட்டில் 180 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கோபுரம் வழியாக எல்லாப் போனுக்கும் ஒலிபரப்பும் முறை அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது. சிரித்துவிட்டு மறந்ததற்குப் பதில் அந்தச் சோதனை காட்டிய ஓட்டையை உடனே அடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

சண்டைக் காலத்தில் எங்களுக்கு இருந்த கருவி காது. குழந்தைகளுக்குக்கூட ஹெலியின் சத்தம் வேறு, பொம்மரின் சத்தம் வேறு, மெதுவாக உறுமிக்கொண்டு வரும் சகடையின், அதாவது குண்டு போடும் சரக்கு விமானத்தின், சத்தம் வேறு என்று தெரியும். எங்கள் வீட்டு நாய் எங்களுக்கு முந்திப் பங்கருக்குள் போய்விடும். மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் ரேடியோவை உயிர்ப்பித்து இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்ட வீடு எங்களுடையது. சுழற்றுகிற முறை என்னுடையது. கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கம்மும், ஐயா "சுத்தடா, சுத்தடா" என்பார். கேட்டு முடிந்ததும் வேலிப் பொட்டால் பக்கத்து வளவுக்காரர் தலையை நீட்டுவார். "என்னவாம்?" அதற்குப் பிறகு அரை மணி நேரம், அவன் சொன்னது எவ்வளவு உண்மை, மற்றவன் சொன்னது எவ்வளவு பொய் என்று தராசில் போட்டு நிறுப்பார்கள். இன்றைய வட்ஸ்அப் குழு அந்த வேலிப் பொட்டுத்தான். தம்பி அஜாக்ஸில் யன்னல் திரையை விலக்கிப் பார்த்ததும் அதே பழக்கத்தில்தான்.

நம்பியதற்குக் கிடைத்த கூலியும் எங்களுக்குத் தெரியும். 1995 ஜூலையில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கோயில்களிலும் தேவாலயங்களிலும் ஒதுங்கச் சொல்லி வானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் விழுந்தது. சனம் அப்படியே செய்தது. 9 ஆம் திகதி நவாலி தேவாலயத்தின் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்பாக இரு என்று சொன்னவரும் குண்டு போட்டவரும் ஒருவரே என்றால், அடுத்த அறிவித்தலை எந்தக் காதால் கேட்பது?

அதே வருடம் ஒக்ரோபர் 30 மாலை. எனக்குப் பதினைந்து வயது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தது. இம்முறை சொன்னவர்கள் இயக்கம், அதாவது புலிகள். வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், தென்மராட்சிப் பக்கம் போங்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வாகனம் திரும்பும்போது குரல் அமுங்கி, மீண்டும் எழுந்து, பிறகு அடுத்த ஒழுங்கைக்குள் போய்விட்டது. ஐயா அசையவில்லை. "இரவைக்குப் பாப்பம்" என்றார். அம்மா அடுப்பில் உலை வைத்தபடியே நின்றா. அறிவித்தலைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒருவரும் எழும்பவில்லை என்பதே உண்மை. எழுப்பியது எதிர்வீட்டுக் கிழவரின் சைக்கிள். அந்த மனுசன் எந்த இடப்பெயர்வுக்கும் அசையாதவர், "செத்தா வீட்டிலை" என்பவர். அவர் சைக்கிள் கரியரில் அரிசிப் பையைக் கட்டத் தொடங்கியதைப் படலைக்குள்ளால் கண்டதும் ஐயா ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய் உறுதிப் பெட்டியை எடுத்தார். செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அந்த இரவு லட்சக்கணக்கான சனம் நெரிந்து நகர்ந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கிழவர் போட்ட கயிற்று முடிச்சு.

ஒருவரும் அறிவிக்காத நாளும் வந்தது. 2004 டிசெம்பர் 26, சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது எங்கள் நேரம் காலை ஏழு மணி அளவில். கடல் எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. வடமராட்சிக் கரையிலும் முல்லைத்தீவிலும் அந்த நேரத்தில் சனம் மீனைத் தரம் பிரித்தது, பூசைக்குப் போனது, முற்றம் கூட்டியது. இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். இரண்டு மணி நேரம் என்பது உடுத்துறையிலிருந்து நடந்தே தப்பக்கூடிய நேரம். அடுத்த வருடம் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது. பின்னர் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன, 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் வந்தது.

பிறகு 2012 ஏப்ரல் 11. புதுவருடத்துக்குச் சாமான் வாங்குகிற பிற்பகல். மீண்டும் சுமாத்திராப் பக்கம், 8.6 அளவு. எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் அள்ளுப்பட்டு ஓடியது, தொலைபேசிகள் இறுகிப்போயின. கடல் வரவில்லை. அன்று நிலத்தட்டு மேலும் கீழுமாக ஆடாமல் பக்கவாட்டில் வழுக்கியதால் தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. எச்சரித்தவர்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அடுத்த நாள் சந்தையில் கேட்ட பேச்சு: "சும்மா ஓட விட்டாங்கள்." வந்திருந்தால் ஏன் முந்திச் சொல்லவில்லை என்பது, வராவிட்டால் ஏன் சொன்னாய் என்பது. ஹவாயில் 2018 ஜனவரி 13 காலை ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல என்று எல்லோர் போனிலும் வந்து, பிழை என்று சொல்ல 38 நிமிடம் எடுத்தபோது அந்தச் சனத்துக்கு வந்த கோபத்தை நான் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அது பொய். எங்களது பொய்யல்ல, வராமல் போன மெய். இந்த வித்தியாசத்தை ஒருவரும் கரையில் வந்து இருந்து விளங்கப்படுத்தவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மலையகத்தில் மண்சரிவு ஊர்களையே மூடியது. பல இடங்களில் கோபுரங்களுக்கு மின்சாரம் போய்ப் போன் வெறும் கண்ணாடித் துண்டாகியது. அந்த நாட்களில் என் போனுக்கு முதலில் வந்த எச்சரிக்கைப் படங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஒரு இளம் ஆசிரியை தானாகவே அவற்றைத் தமிழாக்கிக் குரலாகப் பதிந்து குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் மாமி உட்பட எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். ஆர் சொன்னது என்று கேட்டால் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரின் தகப்பனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் நேரில் பார்த்த சோதனை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன், நவம்பர் 5, உலக சுனாமி விழிப்புணர்வு நாளை ஒட்டி, வடமராட்சி கிழக்கில் ஒரு கரையோரக் கிராமத்தில். நான் படிப்பித்த பாடசாலைப் பிள்ளைகளோடு போயிருந்தேன். மாரி தொடங்கி மணல் இறுகியிருந்தது. கிராம அலுவலர் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, பின்னுக்கு இருந்தவர் கைமைக்கைப் பிடித்தார். பற்றரி இறங்கியிருந்ததால் "கடல்" என்பது மட்டும் கேட்டது, மற்றது இழுபட்டது. தேவாலய மணியும் அடித்தார்கள், அது நன்றாகவே கேட்டது. இளைஞர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து ஓடினார்கள். இரண்டு பேர் வலை பொத்துவதை விட்டு எழும்பவேயில்லை. "கடலுக்கை நிக்கிறவனுக்கு ஆர் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். ஆழ்கடலில் நிற்கிற படகு கரைக்கு ஓடி வரக் கூடாது, அங்கேயே நிற்பதுதான் பாதுகாப்பு என்று வந்திருந்த அதிகாரி சொன்னார். "அப்ப அதை எங்களுக்கு அங்கை சொல்ல வேணும், இங்கை இல்லை" என்றார் வலைக்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்றுகூடும் இடம் விளையாட்டு மைதானம். எல்லோரும் அங்கே வந்து வரிசையில் நின்றோம். ஒரு அம்மா மட்டும் நிற்காமல் மைதானத்தைக் குறுக்கே கடந்து நடந்துகொண்டே போனா. அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் பை.

"அம்மா, இஞ்சை நில்லுங்கோ. இது ஒத்திகைதான்."

"தெரியும் மோனை."

"அப்ப ஏன் போறியள்?"

"உது பள்ளம். அண்டைக்கும் உதிலை வந்து நிண்டவை இருக்கினம். பிறகு நாங்கள் உதிலைதான் எடுத்தனாங்கள்." கையால் கிழக்கே கடல் பக்கமிருந்து மைதானத்துக்கு இறங்கும் வாய்க்கால் பாதையைக் காட்டினா. "உந்த வழியாலைதான் வந்தது. ரோட்டடிதான் மேடு."

அதைச் சொல்லிவிட்டு ரோட்டடிக்கே போய்விட்டா. நாங்கள் மைதானத்தில் நின்றோம். பதிவு எடுத்தார்கள், ஆளுக்கொரு பணிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று நிரல்கள் இருந்தன. அந்த அம்மா சொன்னதை எழுத நிரல் இருக்கவில்லை. ஒழுங்குக்குக் கட்டுப்படாதவர் ஒருவர் என்றுதான் அவ கணக்கில் போயிருப்பா. அன்றைய சோதனையில் கிடைத்த ஒரே உருப்படியான முடிவைத் தந்தவ அவதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் பிறகு ரோட்டடி வரை நடந்து பார்த்தேன். ஏறுவது காலில் தெரிகிறது.

பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து ஒரு நிரந்தர நாளில் இதைச் செய்தால் என்ன என்று அதிகாரி கேட்டார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மண்டபம் அப்போதுதான் விழித்தது. டிசெம்பர் 26 காலை ஒன்பது இருபத்தைந்துக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறதுதானே, அதை ஒட்டி ஊதலாம் என்றார் ஒருவர். பின்வரிசையிலிருந்து பெண்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். அந்த நாளில் சத்தம் வேண்டாம், அண்டைக்கு நாங்கள் கல்லறைக்குப் போகவேணும். வெள்ளி? கோயில். ஞாயிறு? பூசை. ஓகஸ்ட்? நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் ஆட்கள் பாதி இங்கே இல்லை. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி போட விடமாட்டார்கள் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். புதன் விடிய? மீன் கூறி விற்கிற நேரம். அப்ப புதன் மத்தியானம்? இரவு முழுக்கக் கடலில் நின்றவன் நித்திரை கொள்ளுகிற நேரம், எழுப்பினால் அடிதான் விழும் என்றார்கள், சிரிப்பு எழுந்தது.

காலையில் எழும்பாமல் வலை பொத்தியவர் கதவடியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த நாளெண்டாலும் வையுங்கோ சேர்," என்றார். "ஒருக்காவாவது கரண்ட் நிண்ட நாளிலை வைச்சுப் பாருங்கோ. காத்துக்கும் மழைக்கும் இஞ்சை முதல் போறது கரண்ட்தான்."

அதிகாரி பேனையைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். நாள் மட்டும் அன்று முடிவாகவில்லை.